முக்காலியின் பாரம்

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, கொளக்காநத்தம் என்னும் கிராமங்களை ஒட்டி, ஆண்டுதோறும் பெய்யும் மழை அறுத்து அறுத்து ஓடைகளாகவும் மேடுகளாகவும் பிளந்து போட்ட களிமண் பூமி ஒன்று கிடக்கிறது. ஒரு காலத்தில் கடலடியாக இருந்து, அம்மோனைட்டு முதலிய பிராணிகளின் ஓடுகளைத் தன்னுள் புதைத்துக்கொண்டு, பின்னர்க் கடல் விலகியதால் வெயிலுக்கு வந்த பூமி அது. 1862இல் பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கிலப் புவியியலார் இப்பிரதேசத்துப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்துப் பெயரிட்டது முதல், உலகத்துப் புவியியல் நூல்களில் அரியலூரின் பெயர் நிலைத்துவிட்டது. இங்கே காமிராவுடன் வருகிறவர்கள் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள். காலையிலும் மாலையிலும் ஒளி சாய்வாக விழும் சிறிது நேரத்தில்தான் அந்தச் செம்மண் மடிப்புகளின் ஆழம் படத்தில் தெரியும். அந்த நேரத்துக்கு முன்பாகவே நல்ல இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டுமானால், வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு ஓடைக்குள் இறங்கி நடப்பதைத் தவிர வேறு மார்க்கம் கிடையாது.

ஒளி குறைந்த வேளையில் படம் எடுக்கத் துணிந்தவருக்கு முக்காலி அவசியமாகிறது. காமிராவின் கண் பதினைந்தில் ஒரு விநாடி திறந்திருக்குமானால், அந்த அற்ப காலத்துக்குள் நம் கையின் நடுக்கமும், மூச்சும், நாடித் துடிப்பும் சேர்ந்து படத்தைக் கலைத்துவிடுகின்றன. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்ற வடிவகணித உண்மையை நம்பி நிற்கும் முக்காலியோ, மேடு பள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்கும். ஆனால், காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குத் திரும்பும் ஒருவரின் கணக்கைப் பார்த்தால், முக்காலி தரையில் நின்ற நேரம் மிகச் சொற்பம். அது அவர் உடம்பின்மேல் கிடந்த நேரமே மிகுதி. இதை வாங்கப் போகும்போது நாம் அதன் உயரம் என்ன, எத்தனை கிலோவைத் தாங்கும், தன் எடை எத்தனை என்று கேட்கிறோம். அந்த எடை நம் உடம்பில் எந்த ஸ்தானத்தில் உட்காரப் போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. களைப்பில் பெரும்பகுதி அந்தக் கேளாத கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முற்காலத்தவருக்கு இக்கேள்வி எழவில்லை. ஏனெனில் சுமந்தவர்கள் வேறு, கருவியைப் பயன்படுத்தியவர்கள் வேறு. சென்னைப் பரங்கிமலைக்கருகே 1802 ஏப்ரல் 10ஆம் நாள் தொடங்கிய நில அளவையில் லாம்டன் என்னும் அளவையாளர் பயன்படுத்திய பெரிய தியோடலைட்டு என்னும் கோணமானி ஏறக்குறைய அரை டன் எடையுள்ளது. 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதன் வட்டச் சக்கரத்தைத் தட்டி நிமிர்த்திச் சீர்செய்ய லாம்டன் வாரக்கணக்கில் உழைக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஐம்பது வருஷங்களுக்குப் பின்னர், 1858இல், சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் அதே கோயிலுக்கு வந்து, அதன் அடித்தளத்துக் கல்வெட்டு வரிசையைத் துண்டு துண்டாகப் படம் பிடித்து, 21 அச்சுகளை ஒட்டிச் சேர்த்து 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். மெழுகு தோய்த்த காகிதத்தில் நிமிஷக்கணக்காக ஒளியை வாங்கிய அந்தக் காலத்தில், அசையாத பீடம் இல்லாமல் அவ்வேலை நடந்திராது. ஆயினும் அந்தப் பீடத்தைத் தூக்கி நடந்தவருடைய தோளைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. இப்போது எடுப்பவரும் சுமப்பவரும் ஒருவரே ஆனபடியால், பௌதிக சாஸ்திரத்தை அந்தத் தோளின் பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு நமக்கு நியாயம் உண்டு.

முதலில் கையில் தூக்குவதை எடுத்துக்கொள்வோம். இரண்டு கிலோ எடையுள்ள முக்காலியை வலக்கையில் பிடித்துத் தொங்கவிட்டு நடக்கிறோம் என்றால், அந்தப் பாரம் முதுகெலும்பிலிருந்து உத்தேசமாக 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. உடம்பு வலப்பக்கம் சரிந்துவிடாதபடி இடப்பக்கத்து முதுகுத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும்; ஆனால் அத்தசையோ முதுகெலும்பிலிருந்து சுமார் 6 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. நெம்புகோலின் விதிப்படி, தூரம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் விசை ஐந்து மடங்காக வேண்டும். ஆகவே இரண்டு கிலோவுக்கு எதிராகத் தசை பத்துக் கிலோ அளவுக்கு இழுக்கிறது. முதுகெலும்பு அந்தப் பத்தையும் இந்த இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு கிலோவைத் தாங்குகிறது. உடம்பைச் சற்று இடப்பக்கம் சாய்த்துக்கொண்டால் இதில் ஓரளவு குறையும் என்பது உண்மையே; ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நெடுந்தூரம் நடப்பது யாருக்கும் இயல்பன்று. வலக்கையில் சுமந்தவருக்கு மாலையில் இடுப்பின் இடப்பக்கம் வலிக்கும் விசித்திரத்துக்குக் காரணம் இதுவே. பாரத்தைச் சுமந்தது ஒரு கை. கூலி கேட்பது மறுபக்கம்.

அதே இரண்டு கிலோவை முதுகோடு ஒட்டிய பையில் நெட்டுக்குத்தாகக் கட்டிவிட்டால் நிலைமை மாறுகிறது. பாரத்தின் மையம் முதுகெலும்புக்குப் பின்னால் 15 சென்டிமீட்டரில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். இடுப்புக்கு மேற்பட்ட உடலின் எடை 35 கிலோ என்றால், அது முன்புறமாக ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்தாலே தராசு சமப்பட்டுவிடும். நடக்கும்போது நாம் எப்படியும் சிறிது முன்சாய்ந்தே நடக்கிறோம் ஆகையால், இதற்காகத் தசைகள் தனியே பாடுபட வேண்டியதில்லை. இங்கே எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, குறைந்தது தூரமே. முதுகுப் பையில் கனமான பொருள்களை முதுகை ஒட்டி வைத்து, லேசானவற்றை வெளிப்புறத்தில் வைக்கச் சொல்வதும் இக்காரணத்தினாலேதான்.

தோளில் சாத்திக்கொண்டு போவது மூன்றாவது வழி. பார்வைக்கு மிகவும் லக்ஷணமாயிருப்பதும், சுற்றுலா விளம்பரப் படங்களில் எப்போதும் காணப்படுவதும் இதுதான். முக்காலியும் அதன் தலையில் பூட்டிய காமிராவும் சேர்ந்து மூன்றரைக் கிலோ என்றும், அவற்றின் பாரமையம் தோளுக்குப் பின்னே 40 சென்டிமீட்டரில் என்றும், கால்களைப் பற்றிய கை தோளுக்கு முன்னே 40 சென்டிமீட்டரில் என்றும் கொண்டால், பின்பாரத்தைச் சமன் செய்யக் கை மூன்றரைக் கிலோ விசையால் கீழே அழுத்தியபடியே இருக்க வேண்டும். தோளுக்கு வந்து சேருவது இரண்டும் கூடிய ஏழு கிலோ. யாரும் புதிதாக எதையும் ஏற்றாமலே பாரம் இரட்டித்துவிடுகிறது! பாரமையம் தோளின்மேல் நேராக அமையும்படி முக்காலியை முன்னே தள்ளிக்கொண்டால், கைக்கு வேலை வெறும் பிடிப்பு மட்டுமே. ஏர்க்காலைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் போகும் உழவர் ஒருவரும் இக்கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்ததில்லை. எனினும் மரத்தை ஒருமுறை முன்னும் பின்னும் நகர்த்தி அதன் மையத்தைத் தோளுக்குக் கொண்டுவராமல் அவர் அடி எடுத்து வைப்பதில்லை.

சமன் செய்தாலும் உறுத்தல் ஒழியாது. தோளெலும்பின்மேல் குறுக்கே படுத்த உலோகக் குழாய் தொடும் பரப்பு பத்துச் சதுர சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அதன்மேல் மூன்றரைக் கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 350 கிராம் அழுத்தம் ஆகிறது. தோலுக்கு அடியிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அழுத்தமோ உத்தேசமாக 32 மில்லிமீட்டர் பாதரசம். அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 43 கிராம். வெளியழுத்தம் இதைப் பன்மடங்கு மீறினால் அந்த இடத்தில் ரத்தவோட்டம் தடைப்படுகிறது, தோல் மரத்துப்போகிறது, பிறகு வலிக்கிறது. மூன்றரைக் கிலோவை இந்த எல்லைக்குள் அடக்க வேண்டுமானால், அதை எண்பது சதுர சென்டிமீட்டருக்குப் பரப்ப வேண்டும்; ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள வார் தோளின்மேல் பதினாறு சென்டிமீட்டர் நீளத்துக்குப் படிந்தால் இது கைகூடும். மெல்லிய வார் வலிப்பதும் அகன்ற வார் வலிக்காததும் இதனால்தான். இதைவிடச் சிறந்த யுக்தி, பையின் இடுப்புப் பட்டையை இறுகக் கட்டி, பாரத்தில் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்புக்கு மாற்றிவிடுவது. அவ்வெலும்பு பிறவியிலேயே பாரந்தாங்கி. தோளோ கையை அசைப்பதற்காக ஏற்பட்டது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே செல்லும் நரம்புக் கற்றையை வார் நெடுநேரம் நசுக்கினால் கை பலவீனப்படுவதுண்டு என்பதை, கனத்த பைகளுடன் அணிவகுத்த போர்வீரர்களிடம் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். கிராமத்துப் பெண்கள் தலைக்கும் குடத்துக்கும் இடையில் வைக்கும் சும்மாடு செய்வதும் இதே வேலைதான்: வளைந்த மண்டையின்மேல் வளைந்த பாத்திரம் ஒரு புள்ளியில் தொடுவதைத் தவிர்த்து, பாரத்தை ஒரு வட்டம் முழுவதற்கும் பங்கிடுகிறது.

தலைச்சுமை என்றதும் ஆராய்ச்சியாளர்களை நெடுங்காலம் வியப்பில் ஆழ்த்திய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1986இல் வெளியான ஓர் ஆய்வில், கென்யா நாட்டின் லுவோ, கிகூயூ இனத்துப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையிலோ நெற்றிவாரிலோ சுமந்து நடந்தபோது, அவர்கள் மூச்சில் செலவாகும் பிராணவாயு வெறுங்கையாய் நடப்பதைக் காட்டிலும் கூடவில்லை என்று தெரியவந்தது. 2005இல் நேபாளத்துச் சுமையாள்களை அளந்து பார்த்ததில், தம் எடையின் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மூட்டைகளை நெற்றிப்பட்டையில் தாங்கி மலையேறும் அவர்கள், பழக்கமில்லாதவர் முதுகுப் பையில் சுமப்பதைவிடச் சிக்கனமாகவே சுமக்கிறார்கள் என்று கண்டார்கள். இவையெல்லாம் சிறு வயது முதல் பழகிய நடையின் பலன். புகைப்படப் பிரியர் ஒருவர் காரை ஓடையில் முக்காலியைத் தலையில் வைத்து நடந்தால் முதல் சரிவிலேயே அது கீழே கிடக்கும். நமக்குப் பயன்படுவது 1969இல் சோல், கோல்ட்மன் என்னும் இருவர் செய்த அளவை. உடற்பகுதியோடு ஒட்டிச் சுமந்த ஒரு கிலோவுக்கு ஆகும் சக்தியை ஒன்று எனக் கொண்டால், வேகநடையில் கனமான பாரத்தைக் கையில் தூக்கும்போது ஏறக்குறைய இரண்டும், பாதத்தில் கட்டினால் நான்கு முதல் ஆறும் செலவாகின்றன. ஆதலால், முக்காலியின் எடையில் அரைக் கிலோ குறைப்பதற்காகப் பல்லாயிரம் ரூபாய் செலவழித்துக் கரியிழை முக்காலி வாங்குகிறவர், அதே பயணத்தில் காலுக்குக் கனமான பூட்ஸை மாட்டிக்கொள்வாரானால், மிச்சம் பிடித்ததைவிட அதிகம் இழக்கிறார்.

பாரம் ஆடாமல் இருக்க வேண்டியது அடுத்த விஷயம். நடைமுறையில் மிகுதியாக அலட்சியம் செய்யப்படுவதும் இதுவே. ஊசல் ஒன்று ஆடும் காலம் அதன் நீளத்தைப் பொறுத்ததேயன்றி எடையைப் பொறுத்ததன்று என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். மேல்நுனியில் கொக்கி மாட்டித் தொங்கவிட்ட தடி, தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குள்ள நூலில் கட்டிய குண்டைப் போல ஆடும். மடக்கினால் 45 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கும் பிரயாண முக்காலியை அதன் தலையில் கொக்கி மாட்டிப் பையின் பக்கத்தில் தொங்கவிட்டால், அது 30 சென்டிமீட்டர் ஊசலுக்குச் சமானம். ஒருமுறை போய்வர 1.1 விநாடி ஆகும். சாதாரணமாக நிமிஷத்துக்கு நூற்றுப்பத்து அடி வைத்து நடப்பவரின் உடம்பு, வலத்திலிருந்து இடத்துக்கு அசைந்து மீண்டும் வலத்துக்கு வர இரண்டு அடிகள் ஆகின்றன, அதற்கும் 1.1 விநாடிதான்! இரண்டும் ஒத்துப்போகும்போது, ஒவ்வோர் அடியும் முன்னாட்டத்தைச் சரியான தருணத்தில் தள்ளிவிடுவதால், முக்காலி வரவர அகலமாக ஆடி இடுப்பையும் தொடையையும் இடிக்கிறது. கொஞ்ச தூரம் சென்றதும் சாதுவான மனிதரும் அதைப் பிடித்துக்கொண்டே நடப்பார். அதாவது, கைக்கு ஓய்வு தருவதற்காகத் தொங்கவிட்டது கையையே மறுபடி வேலைக்கு இழுத்துவிட்டது. மருந்து சுலபம்: மேலே ஒரு கட்டும் கீழே ஒரு கட்டுமாக இரண்டு இடங்களில் இறுக்கிவிட்டால் ஊசலே இல்லை. கீழ்நுனியை ஒரு சாணளவு நாடாவால் பையோடு பிணைத்தாலும் போதும்.

பாரம் குலுங்குவதை அடியோடு வெறுத்துவிடவும் வேண்டாம். காவடித் தண்டு வளைந்து வளைந்து நிமிர்வதில் ஒரு நன்மை உண்டு. 1991இல் கிராம் என்னும் ஆராய்ச்சியாளர், வளையும் தண்டின் இரு முனைகளிலும் பாரம் கட்டி ஆள்களை ஓடச் செய்து பார்த்தார். அவர்கள் செலவழித்த சக்தி குறையவில்லை, ஆனால் ஒவ்வோர் அடியிலும் தோளில் விழும் அடியின் உச்சம் வெகுவாகத் தணிந்திருந்தது. செங்குத்தான குலுக்கலை மெதுவாக்குவது நல்லது, பக்கவாட்டு ஆட்டம் கெட்டது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

மற்றொன்று, திரும்புவதில் உள்ள சிரமம். நடக்கும்போது நம் தோள்கள் ஒரு திசையிலும் இடுப்பு எதிர்த்திசையிலுமாகச் சிறிது முறுக்கிக்கொண்டே போகின்றன. அந்த முறுக்கலில் கூடவே சுழல வேண்டிய பொருள் உடலின் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதன் வர்க்கத்துக்கு ஏற்ப எதிர்ப்பு வளர்கிறது. நான்கு பங்கு தூரமானால் எதிர்ப்பு பதினாறு பங்கு. பையின் அடியில் குறுக்கே கட்டிய முக்காலியைவிட நெட்டுக்குத்தாகக் கட்டியதே உசிதம் என்பதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைச் சீமைக்கருவேல் அடர்ந்த ஏரிக்கரையில் ஒருமுறை நடந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சித்திரை, வைகாசி மாதங்களில் இங்கே வெப்பம் 40 பாகையைத் தொடும்போது, கறுப்பு வர்ணம் பூசிய அலுமினியக் குழாய் வெயிலில் கிடந்தால் கையால் தொட முடியாது. அலுமினியம் மரத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால், தன் சூட்டை நொடியில் தோலுக்குக் கொடுத்துவிடுகிறது. கால்களின் மேற்பகுதியில் பழைய சைக்கிள் ட்யூபையோ துணி நாடாவையோ சுற்றிவிட்டால் சூடும் தோளுறுத்தலும் ஒருங்கே நீங்கும். இதற்கென்று கடையில் விற்கும் உறைகளில் வேறு மகிமை எதையும் நான் காணவில்லை.

இனி ஊர்தோறும் என்ன செய்வது என்று பார்க்கலாம். காரையின் சரிவுகளில் களிமண் உதிரும், ஆங்காங்கே ஜிப்சம் பளிங்குத் துண்டுகள் கண்ணாடிச் சில்லைப்போலக் கிடக்கும். வழுக்கினால் ஊன்ற இரு கைகளும் வேண்டும் ஆகையால், இறங்கும்போது முக்காலி முதுகில்தான் இருக்க வேண்டும், காமிரா அதன் தலையில் பூட்டப்பட்டிருக்கக் கூடாது. காமிராவின் அடித்தகட்டுத் திருகு நடையின் அதிர்ச்சியில் தானாகவே தளர்ந்துவிடுவதுண்டு. அங்கிருந்து சாத்தனூர் போனால் கதை வேறு. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் புவியியலார் அறிவித்த, 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல்மரம் அங்கே வேலிக்குள் படுத்திருக்கிறது. அந்தப் புவியியலார் பிற்காலத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்தியத் தலைவரானார். அங்கே நடை அதிகமில்லை, ஆகவே இக்கட்டுரைக்கும் அங்கே அதிக வேலை இல்லை.

கரைவெட்டி ஏரியில்தான் முழுப் பரீட்சை. 1999இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இந்த ஏரிக்கு, மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து சேருகிறது; குளிர்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து பட்டைத்தலை வாத்துகள் வந்து இறங்குகின்றன. பறவைக்குப் பெரிய வில்லை வேண்டும், பெரிய வில்லைக்குக் கனத்த முக்காலி வேண்டும், கனத்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு நீண்ட கரையில் நடக்க வேண்டும். இவ்விடத்தில் முக்காலியை விட்டு ஒற்றைக்காலியை எடுத்துக்கொள்வதே விவேகம் என்பேன். நடக்கையில் கைத்தடியாகித் தன் எடையைத் தரையிலேயே ஊன்றி வரும் உபகரணம் அது ஒன்றுதான். லேசான முக்காலியே கைவசம் இருந்தால், காற்று வீசும்போது அதன் நடுத்தண்டுக் கொக்கியில் பையைத் தொங்கவிட்டு ஸ்திரப்படுத்தலாம்; ஆனால் பையின் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். அந்தரத்தில் தொங்கும் பை மறுபடியும் ஓர் ஊசலாகிவிடும்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது, தொல்லியல் துறையின் காவலிலுள்ள இடங்களில் கைக்காமிராவுக்குத் தடையில்லாவிட்டாலும் முக்காலி ஊன்றத் தனி அனுமதி பெற வேண்டும் என்பதாகும். அனுமதி இல்லாத அன்று முக்காலி பையின் பக்கப் பையிலேயே நாள் முழுதும் இருக்கும். அப்போது அதன் எதிர்ப்பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியை வைத்துச் சமன் செய்வது எல்லோருக்கும் தோன்றும் யோசனைதான். ஆனால் தண்ணீர் குடிக்கக் குடிக்கக் குறையும் பொருள், அதிலும் ராஜேந்திர சோழன் கட்டிய அவ்வூர்க் கோயிலின் முற்றத்தில் பகல் பதினொரு மணிக்கு மிக வேகமாகக் குறையும். புட்டி காலியானதும் பை முக்காலியின் பக்கம் இழுக்கத் தொடங்கும். வில்லைகளை முன்னதாகவே புட்டியின் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதியாகும். அல்லது முக்காலியைப் பையின் நடுமுதுகுக்கு மாற்றிக் கட்டிவிட்டால், புட்டி நிறைந்திருந்தாலும் காலியானாலும் பை பெரிதாகச் சாயாது.